நரம்பு ரப்பர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நரம்புக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வெட்டுப்பட்ட நரம்பு "ரப்பரைப் போல இழுபட்டு நீள்கிறது" என்ற ஒரு வரி மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அது சரியில்லை.

கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோத்தகிரி பக்கம் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. போன வருஷம் கவாத்து வெட்டும்போது கத்தி வழுக்கி இடது மணிக்கட்டில் இறங்கியது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப் போயின. நரம்பைத் தைத்த டாக்டர், "நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், பொறுத்திருங்கள்" என்றார். அது எப்படி வளர்கிறது என்று அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்தேன்.

நரம்பின் ஒவ்வோர் இழையும் ஒரு செல்லிலிருந்து நீளும் வால் மாதிரி; அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைதான் சவ்வு. அந்தச் சவ்வு நூற்றுக்கு நாலைந்து பங்குக்கு மேல் இழுத்தாலே கிழிந்துவிடும். அப்படியானால் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை பதினெட்டு சென்டிமீட்டர் எங்கிருந்து வரும்? புதிதாகச் செய்துதான் சேர்க்க வேண்டும். கழுத்துத் தண்டெலும்பை ஒட்டி இருக்கும் செல்லின் உடலில் சவ்வு தயாராகிறது. சின்னச் சின்னப் பைகளாக, நரம்புக்குள் ஓடும் நுண்குழல்களைத் தண்டவாளமாகப் பிடித்துக்கொண்டு நுனிக்கு வருகிறது. அந்த நுனிக்கு 1890 வாக்கில் ஸ்பெயினின் சாண்டியாகோ ராமோன் இ காஹால் வைத்த பெயர் வளர்ச்சிக் கூம்பு. விரல்களை நீட்டித் துழாவும் கை மாதிரி இருக்கும். அங்கே ஸ்நேர் என்னும் புரதங்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பையை வெளிச்சவ்வோடு ஒட்டவைக்கின்றன. பை விரிந்து சவ்வோடு சவ்வாகிவிடுகிறது. நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும்போதும் இதே வேலைதான் நடக்கிறது. ஆனால் அங்கே விரிந்த சவ்வைச் செல் உடனே திரும்ப எடுத்துக்கொள்ளும். வளரும் நரம்பிலோ வந்ததில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடும்.

பழக்க தோஷம், கணக்குப் போட்டுப் பார்த்தேன். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனுள்ள ஓர் இழை. அதிலும் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள பைகள். ஒரு மில்லிமீட்டர் நீளச் சவ்வுக்கு ஒரு லட்சம் பைகள் வேண்டும்! ஒரே ஓர் இழைக்கு, ஒரே நாளில். நரம்புக்குள் அப்படி எத்தனையோ ஆயிரம் இழைகள். இதைப் படித்த அன்று கையைத் தடவிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

உள்ளங்கையில் விரலால் தட்டினால் ஓரிடத்தில் சுரீர் என்று கரண்ட் அடிக்கும். வளர்நுனி அங்கே வந்திருக்கிறது என்று அர்த்தம். மாதம் ஒரு முறை பேனாவால் புள்ளி வைத்தேன். ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். இப்போது ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் இருக்கிறது.

இதை எழுதக் காரணம் எங்கள் தோட்டங்களில் கத்தி பிடிக்கிறவர்கள்தான். ரப்பர் மாதிரி நீளும் என்று படித்தவர்கள், மூன்று மாதத்தில் உணர்ச்சி வரவில்லை என்றால் நரம்பு செத்துவிட்டது என்று பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் ரத்தம் நின்றால் போதும் என்று தைக்காமலே விட்டுவிடுகிறார்கள். நரம்பு முழுசாக அறுந்திருந்தால் வளர்நுனிக்கு வழி கிடைக்காது, அங்கேயே சுருண்டு வலிக்கிற கட்டியாகிவிடும். அப்புறம் மரத்த விரலுக்குச் சூடு தெரியாது. எனக்கே டீ டம்ளரைப் பிடித்து விரலில் கொப்புளம் வந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த இதழில் அந்த ஒரு வரியைத் திருத்தி, விரல் மரத்தால் உடனே டாக்டரிடம் போகவேண்டும் என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.