அந்த நத்தைகளை இன்னும் வைத்திரு

அன்பு மகளுக்கு,

பிடித்து வந்த நத்தைகளைத் தனித்தனிக் குப்பியில் போட்டு, இரண்டு மணி நேரம் விளக்கு வெளிச்சத்தில் வைத்தும் ஒன்றிலிருந்தும் செர்க்காரியா (மனிதத் தோலைத் துளைக்கும் சிஸ்டோசோமா ஒட்டுண்ணிப் புழுவின் நீந்தும் இளம்புழு) வரவில்லை, எல்லாம் சுத்தம் என்று போனில் சொன்னாய். அந்த 'சுத்தம்' மனதை விட்டுப் போகவே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வெளியே வரவில்லை என்பதால் உள்ளே இல்லை என்று ஆகிவிடாதும்மா. அந்தப் புழுவின் முட்டையிலிருந்து வரும் முதல் இளம்புழுவான மிராசிடியம் எதையும் தின்பதில்லை. கையிருப்புச் சக்தி தீர்வதற்குள், ஒரு நாளைக்குள், தனக்கேற்ற நத்தையைப் பிடித்தாக வேண்டும். உள்ளே நுழைந்ததும் நீந்த உதவிய மயிரிழைகளை உதிர்த்துவிட்டு, நுழைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வெறும் பையாகிவிடுகிறது. அதுதான் தாய் ஸ்போரோசிஸ்ட். ஆண் பெண் சேர்க்கை எதுவும் இல்லாமல் அதற்குள் மகள் ஸ்போரோசிஸ்ட்கள் உண்டாகி, நத்தையின் செரிமானச் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே செர்க்காரியாக்களைப் பெருக்குகின்றன. கல்லீரல் புழுவில் படித்த ரீடியா என்ற இளம்புழு நிலையை இங்கே தேடாதே, சிஸ்டோசோமாவுக்கு அந்த நிலை கிடையாது. இதற்கெல்லாம் 4 முதல் 6 வாரம் ஆகும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். அதுவரை நத்தை வழக்கம்போல மேய்ந்துகொண்டுதான் இருக்கும். முட்டையிடுவது மட்டும் குறைந்துகொண்டே வந்து, பெரும்பாலும் நின்றுவிடும்.

ஒரே ஒரு மிராசிடியத்திலிருந்து ஆயிரக்கணக்கான செர்க்காரியாக்கள், அத்தனையும் ஒரே பாலினம்! எத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு இந்த வியப்பு அடங்கவில்லை. 1913இல் ஜப்பானில் மியாயிரியும் சுசுகியும் இதை நத்தைக்குள் கண்டுபிடிக்கும்வரை, முட்டைக்கும் மனிதத் தோலுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதே யாருக்கும் சரியாக விளங்கவில்லை.

உன் வயதில் நானும் ஏமாந்திருக்கிறேன். தொற்று இல்லை என்று குறித்து ஒதுக்கிய தொட்டியில், மூன்று வாரம் கழித்து ஒரு மதியம், கவட்டை வாலோடு அவை கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன. அன்று வெறுங்கையைத் தண்ணீரில் விடப்போனவன் நான். தற்செயலாகக் குனிந்து பார்த்ததால் தப்பித்தேன்.

அதனால் நத்தைகளைத் தூக்கிப் போட்டுவிடாதே. வாரம் ஒருமுறை என்று ஆறேழு வாரம் திரும்பத் திரும்பப் பார். சிஸ்டோசோமாவில் மான்சோனி என்ற இனம் என்றால் நடுப்பகலை ஒட்டிப் பார்ப்பது நல்லது, அது வெளிச்சத்துக்குத்தான் வெளியே வரும். நடுவில் செத்துப்போகும் நத்தையை அப்போதே ஓடு நீக்கி, கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார். இளம் ஸ்போரோசிஸ்ட் கண்ணுக்குத் தப்பும். வசதி இருந்தால் கொஞ்சம் திசுவை டிஎன்ஏ சோதனைக்கு எடுத்து வை. நோட்டில் 'சுத்தம்' என்பதை அடித்துவிட்டு, 'இன்று வரவில்லை' என்று தேதி போட்டு எழுது.

அப்புறம், கையுறை. செர்க்காரியா தோலைத் துளைத்து உள்ளே போகச் சில நிமிடம் போதும். சிந்திய ஒரு சொட்டைக்கூட வெறுங்கையால் துடைக்காதே. போட்டுக்கொள்கிறேன் என்று ஒரு வரி பதில் போடும்மா.

அன்புடன்,
அப்பா