சப்பாணி கட்டி இருக்க

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகன்,

நீ அனுப்பிய படம் பார்த்தோம். தோள் இரண்டும் நன்றாகத் திரண்டிருக்கிறது. அம்மா போனைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீடுகளிலெல்லாம் காட்டிவிட்டாள். எனக்கு என்னவோ, அம்மம்மாவின் ஆண்டுத்திவசத்தில் நீ பாயில் இருந்த இருப்புத்தான் நினைவில் நிற்கிறது. இரண்டு காலையும் மடக்கிச் சப்பாணி கட்ட முடியாமல் ஒரு காலை நீட்டிவிட்டாய். மற்ற முழங்காலைக் கையால் அமுக்கிக்கொண்டு, வாழையிலை எட்டாமல் எட்டி எட்டிச் சாப்பிட்டாய். எழும்பப் பெரியப்பாவின் தோளைப் பிடித்தாய். உனக்கு 32 வயது, அவருக்கு 74.

பெரியப்பா ஜிம் கண்டவரில்லை. வாவியில் வீச்சுவலை எறிகிறவர், குந்தியிருந்து வலைக் கிழிசல் பொத்துகிறவர். அன்றாடம் மடங்குகிற மூட்டு மடங்குகிறது, அவ்வளவுதான். உனக்கோ வேலை கதிரையில், பயணம் காரில். ஜிம்மிலும் பாதி நேரம் இருந்தபடிதான் பாரம் தூக்குகிறாய். பலம் வந்தது, சரி. இடுப்பும் பின்தொடையும் நீ மறந்த இடங்கள்.

நான் இதைப் பட்டுத்தான் படித்தேன். தோள் இறுகிச் சேட்டுக் கை மாட்ட முடியாமல் கிடந்தேனே, அப்போது படுக்கையால் எழும்பின கையோடு யன்னல் கம்பியைப் பிடித்து வெடுக் வெடுக்கென்று இழுத்தேன். நோ இரண்டு மடங்காகியது. பிசியோதெரபிப் பிள்ளை நல்லாய் ஏசினா. "ஐயா, வெட்டி இழுத்தால் தசை தன்னைக் காப்பாற்ற இன்னும் இறுகும்" என்றா. முதலில் பத்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்க வேண்டும். அப்புறம் மெதுவாக இழுத்து, இறுக்கம் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். நோகிற இடம் வரை போகக் கூடாது. மூச்சை அடக்காமல் 30 விநாடி, பக்கத்துக்கு இரண்டு தரம். கிழமைக்கு இரண்டு மூன்று நாள் செய்தாலே போதுமாம். கை தலைக்கு மேலே போக எனக்கு ஐந்து மாதம் எடுத்தது.

அப்போதுதான் எங்களுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியாரை நினைத்தேன். வடமோடிக் கூத்துப் பழகிய நாட்களில் களரியில் ஏறியதும் துள்ள விடமாட்டார். மெதுவான தாளத்தில் சுற்றிச் சுற்றி ஆட வேண்டும். முதுகு வியர்த்த பிறகுதான் மத்தளம் வேகம் பிடிக்கும். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, கேட்கவும் பயம்.

நீயும் பாரம் தூக்க முன் குனிந்து நெடுநேரம் நிற்காதே. அப்படி நீளமாக இழுத்துப் பிடித்தால் தூக்கும் பலம் கொஞ்சம் குறையும். தூக்க முன் காலை வீசு, கையைச் சுழற்று, பாரமில்லாமல் நாலு தரம் குந்தி எழும்பு. இழுத்துப் பிடிப்பதெல்லாம் பாரம் தூக்கி முடிந்த பிறகு. அதனால் அடுத்த நாள் உளைவு இல்லாமல் போகும் என்று நம்பிவிடாதே, பெரிதாகக் குறையாது. இதைச் சாட்டி நடையையும் விடாதே. கிழமைக்கு 150 நிமிடமாவது வேகமாக நட என்கிறது உலக சுகாதார நிறுவனம். தசையை இழுத்துப் பிடிப்பது இதயத்துக்கு அந்த வேலையைச் செய்யாது.

முதுகு நோ காலுக்கு இறங்கி விறைத்தால் மட்டும் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு டாக்டரிடம் போ.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாய். அம்மா புதுப் பன்பாய் வாங்கிச் சுருட்டி வைத்திருக்கிறாள். கதிரையும் இருக்கிறது, கேட்டால் தருவேன்.

அன்புடன்,
அப்பா