எடுக்கும் முன் ஒருமுறை கதவைத் தட்டுங்கள்: நகர மன்ற நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

எந்தச் சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்: எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே நான் பூட்டி வைத்திருந்து, ஊரில் இல்லாதபோது உங்கள் ஒப்பந்தக்காரர் லாரியில் ஏற்றிப்போன என் சைக்கிள். மூன்று மின்னஞ்சல் அனுப்பியாயிற்று, இரண்டு முறை நேரிலும் வந்துவிட்டேன். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லவில்லை. உங்கள் பதிலில் இருந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேச வேண்டும். டயரில் காற்று இல்லை, செயினில் துரு, பெயிண்ட் உரிந்திருக்கிறது, ஆகவே அது கைவிடப்பட்ட சைக்கிள் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்தக் காற்று. அவை டியூபுலர் டயர்கள். டியூபை உள்ளே வைத்து டயரைச் சுற்றித் தைத்து, ரிம்மில் பசை தடவி ஒட்டுவார்கள். என் டயருக்குள் இருந்தது ரப்பர்ப்பாலில் செய்த லேடக்ஸ் டியூப். மெல்லியது, ஓட்ட அவ்வளவு சுகம். ஆனால் காற்றைப் பிடித்து வைக்காது. இன்று காலை அடித்தால் நாளைக் காலை மறுபடி அடிக்க வேண்டும். பல வருடமாகக் காலை ஐந்தரைக்குக் கீழே இறங்கி, பம்பைக் காலால் மிதித்துப் பிடித்துக் காற்றடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். மூன்று வாரம் கவனிக்க ஆளில்லை என்றால் டயர் தரையோடு படிந்துவிடும். இந்தச் சிங்கப்பூர் ஈரத்தில் செயினும் அதற்குள் சிவந்துவிடும்.

அந்த மூன்று வாரமும் நான் மன்னார்குடியில் இருந்தேன். அக்கா இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியத்தை முடித்து, மற்ற வேலைகளையும் பார்த்துவிட்டுத் திரும்ப 24 நாள் ஆயிற்று. நான் கிளம்பிய நான்காம் நாள் உங்கள் ஒப்பந்தக்காரர் 14 நாள் கெடு வைத்து ஹேண்டில்பாரில் அறிவிப்பை ஒட்டியிருக்கிறார். கெடு முடிந்த மறுநாளே லாரி வந்திருக்கிறது.

சீட்டுக்கு அடியில் ஒரு பித்தளைத் தகட்டைக் கம்பியால் கட்டியிருந்தேன். புளோக் எண், வீட்டு எண், கைபேசி எண் மூன்றையும் அதில் பொறித்திருந்தேன். என் மகன் அந்த 24 நாளும் வீட்டில்தான் இருந்தான். இரவு வேலைக்குப் போகிற பிள்ளை, நிறுத்துமிடத்தை எட்டிப் பார்த்திருக்க மாட்டான். ஆனால் ஒன்பதாவது மாடிக்கு லிஃப்டில் ஏறி வந்து ஒருமுறை கதவைத் தட்டியிருந்தால் திறந்திருப்பான். அவ்வளவுதான் நான் கேட்பது. எடுக்கும் முன் ஒருமுறை கதவைத் தட்டுங்கள்.

வீட்டு வாசலில் வைத்திருக்கலாமே என்றும் கேட்டீர்கள். தீ விபத்து நேர்ந்தால் ஆட்கள் வெளியேற, தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி. எங்கள் தாழ்வாரம் குறுகல். பக்கத்து வீட்டு அம்மா சக்கர நாற்காலியில் போய்வருகிறார். விதியை மதித்துத்தான் நீங்கள் அமைத்துத் தந்த நிறுத்துமிடத்தில் கொண்டுபோய்ப் பூட்டினேன்.

சரி, இனி அந்த உரிந்த பெயிண்ட். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பியபோது, அங்கிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கொண்டுபோக முடியாமல் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போன சைக்கிள் அது. சீட்டுக்குக் கீழே உள்ள குழாயில் 'ரெனால்ட்ஸ் 531' என்று ஒரு சின்ன ஒட்டுப்படம், பாதி அழிந்திருக்கும். அது குழாயின் பெயர்: இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1935இல் வந்த மாங்கனீஸ், மாலிப்டினம் கலந்த எஃகு. குழாய் இரண்டு முனையிலும் தடித்திருக்கும், நடுவில் அரை மில்லிமீட்டரை ஒட்டி மெலிந்துவிடும். விரல் நகத்தால் சுண்டினால் நடுவில் ஒரு சத்தம், முனையில் வேறு சத்தம். சின்ன வயதில் எனக்கு அது விளையாட்டு. குழாய்கள் சேருமிடத்தில் லக் என்கிற உறையைப் போட்டுப் பித்தளையை உருக்கி ஓட விட்டிருப்பார்கள். அந்த லக்கின் ஓரத்தை யாரோ ஒருவர் அரம் வைத்து இலை நுனி மாதிரி ராவியிருந்தார். அந்த ஓரங்களில்தான் பெயிண்ட் போயிருந்தது. அறுபது வருடம் கை பட்டுப் பட்டுத் தேய்ந்தது. அப்பா தொட்ட இடம் என்பதால் நான் மேலே பூசவே இல்லை.

பின்சக்கரத்து டிரெயிலியர், அதாவது கியர் மாற்றும்போது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம், 80களில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் தரையில் விரித்த தார்ப்பாயிலிருந்து எடுத்தது. இத்தாலியக் கம்பெனி கம்பனோலோ செய்த நுவோவோ ரெக்கார்ட். நாற்பது வெள்ளி கொடுத்தேன், அன்றைக்கு எனக்கு அது பெரிய காசு. அதன் மேல் 'பேடண்ட் 74' என்று பொறித்திருக்கும். செய்த வருடத்தை அந்த எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். கியர் மாற்ற, கீழ்க்குழாயில் விரல் நீளத்துக்கு இரண்டு நெம்புகோல். 1984இல் ஜப்பானின் ஷிமானோ கம்பெனி கொண்டுவந்த, 'டக்'கென்று தானாக நிற்கிற கியர் இல்லை இது. செயின் பல்லில் சரியாக உட்கார்ந்ததா என்று காதால் கேட்டு, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். ஃபேபர் மலை ஏற்றத்தில் அந்த உரசல் சத்தம் சட்டென்று அடங்கும் ஒரு கணம் இருக்கிறது. அதற்காகவே நான் புது சைக்கிளுக்கு மாறவில்லை.

உங்கள் முகப்பில் இருந்த தங்கை அன்பாகத்தான் பேசினார். "பழைய இரும்பு சைக்கிள்தானே அங்கிள், முந்நூறு வெள்ளிக்கே நல்லது கிடைக்குமே" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பழைய இரும்பு என்ற அந்தச் சொல்லை விட்டுவிட முடியாது. 1972இல் மெக்சிகோ சிட்டியில் பெல்ஜியத்துச் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை செய்தது எஃகுச் சைக்கிளில்தான். இத்தாலியில் சைக்கிள் செய்யும் எர்னஸ்டோ கொல்னாகோ செய்து கொடுத்த அந்த வண்டியின் எடை ஆறு கிலோகூட இல்லை. என்னுடையது பத்துக் கிலோ இருக்கும். அதையும் எஃகு என்று நம்பாமல் தூக்கிப் பார்த்தவர்கள் எங்கள் புளோக்கிலேயே இருக்கிறார்கள். குழாய் நெளிந்தால் அறுத்தெடுத்து வேறு குழாய் வைத்துப் பற்றவைக்கலாம். சங்கிலியும் பிரேக் கட்டையும் மாற்றினால் இன்னொரு தலைமுறைக்கு ஓடும்.

இந்த ஊருக்கும் இந்தத் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. ஷிமானோ ஜப்பானுக்கு வெளியே முதல் தொழிற்சாலையை 1973இல் இங்கேதான் தொடங்கியது. 'மேட் இன் சிங்கப்பூர்' என்று பொறித்த பாகங்களை உலகமெங்கும் பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். நாமோ, டயரைப் பார்த்துச் சைக்கிளை எடை போடுகிறோம். பழசைத் தேடிப் போக நமக்கு இருந்த இடமும் போய்விட்டது. 1930களிலிருந்து இருந்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. இப்போது என் டிரெயிலியருக்கு ஒரு சின்னச் சக்கரம் தேய்ந்தால்கூட வெளிநாட்டுக்குத்தான் எழுதிப் போட வேண்டும். காரைக் குறைத்துச் சைக்கிளுக்கு மாறுங்கள் என்று ஊர் முழுக்கச் சொல்கிறோம், புதுப்புதுப் பாதை போடுகிறோம். ஐம்பது வருடமாக ஓட்டிக்கொண்டிருந்த சைக்கிளுக்குப் புளோக்கின் கீழே மூன்று வாரம் நிற்க இடமில்லை. இதைச் சொல்லும்போது என் குரல் உயர்கிறது, மன்னிக்க வேண்டும்.

நிறுத்துமிடத்தைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. சக்கரம் போய், கூடையில் குப்பை நிறைந்து, கொசு முட்டையிடுகிற சைக்கிள்களை நானும் பார்க்கிறேன். அவற்றை எடுங்கள். ஆனால் பூட்டிய சைக்கிளில் பெயரோ வீட்டு எண்ணோ இருந்தால் தயவுசெய்து கதவைத் தட்டுங்கள், அல்லது ஒரு போன் செய்யுங்கள். 14 நாள் கெடுவை இரண்டு மாதமாக்குங்கள். ஊருக்குப் போகிறவர்கள், மருத்துவமனையில் படுத்திருப்பவர்கள், எல்லாரும் உங்கள் குடியிருப்பாளர்கள்தான். எடுத்ததைப் பழைய இரும்புக்குப் போடும் முன் மூன்று மாதம் ஒரு கூடத்தில் வையுங்கள். அதற்கு வாடகை என்றால் நான் கட்டத் தயார்.

அப்புறம், என் சைக்கிள். இழப்பீடு வேண்டாம் என்று நேரிலேயே சொல்லிவிட்டேன். அந்த லாரி எந்தக் கிடங்குக்குப் போனது என்று மட்டும் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரரைக் கேட்டுச் சொல்வதாக நீங்கள் எழுதி 19 நாள் ஆகிறது. துவாஸ் என்றாலும் சரி, சுங்கை காடுட் என்றாலும் சரி, நானே போய்க் குவியலில் தேடிக்கொள்கிறேன். அடர்நீல ஃபிரேம், கழுத்தருகே சிவப்புப் பட்டை, சீட்டுக்கு அடியில் பித்தளைத் தகடு. பெடல் அச்சுக்குக் கீழே உள்ள ஃபிரேம் எண்ணை மின்னஞ்சலில் கொடுத்திருக்கிறேன். சக்கரங்கள் போயிருந்தால் பரவாயில்லை, ஃபிரேமை அறுப்பதற்குள் தகவல் வந்தால் போதும். என் கைபேசி எண் அந்தத் தகட்டில் இருப்பதுதான், மாற்றவில்லை. இரவு எந்த நேரமானாலும் அழையுங்கள்.

பணிவன்புடன்,
ஒன்பதாவது மாடிக் குடியிருப்பாளர்