எண்ணெய்த் தலையோடு ஸ்லீப் ஸ்டடிக்கு வராதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறட்டை, பகலில் தூங்கி வழிதல், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல் பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ‘தேவைப்பட்டால் ஸ்லீப் ஸ்டடி செய்துகொள்ளலாம்’ என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. அந்த ஒரு வரிக்குள், ஆய்வகத்தில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்துத் தூக்கத்தையும் மூச்சையும் பதிவுசெய்யும் ஒரு முழு இரவு இருக்கிறது. அதில் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லாததால், வருகிறவர்கள் பயப்பட வேண்டாததற்குப் பயந்து, கவனிக்க வேண்டியதைக் கோட்டைவிடுகிறார்கள். ‘இத்தனை ஒயரை மாட்டிக்கொண்டு எப்படித் தூக்கம் வரும்?’ என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். வந்துவிடும். பதிவைக் கெடுப்பதில் தூக்கம் வராததைவிட முன்னால் நிற்பது தலையில் தேய்த்த தேங்காயெண்ணெய்.

மூளையின் மின்னலைகள் உச்சந்தலைத் தோலுக்கு வந்து சேரும்போது ஒரு வோல்ட்டின் லட்சத்தில் சில பங்குதான் மிஞ்சுகின்றன. அவ்வளவு மெல்லிய அலையைப் பிடிக்க, தோலுக்கும் அதில் ஒட்டும் எலக்ட்ரோடு என்ற சிறு உலோக வில்லைக்கும் இடையே மின்தடை 5 கிலோ ஓமுக்குள் இருக்க வேண்டும். எண்ணெய்ப் படலம் இருந்தால் தடை ஏறும், ஒட்டும் பேஸ்ட் வழுக்கும், இரவு இரண்டு மணிக்கு ஒயர் கழன்று விழும். டெக்னீஷியன் உள்ளே வந்து திரும்ப ஒட்டுவார். உங்கள் தூக்கம் கலையும். முந்தின நாள் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்தது போதாது. பரிசோதனை நாளன்றே ஷாம்பூ போட்டு இரண்டு முறை அலசி, நன்றாக உலர்த்திவிட்டு வர வேண்டும். கண்டிஷனர், ஹேர் ஜெல், முகத்துக்குக் கிரீம், பவுடர் எதுவும் வேண்டாம். பூ, ஹேர்பின், தோடு ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடலாம். தாடி வழக்கமில்லாத ஆண்கள் அன்று மழித்துக்கொண்டு வந்தால் தாடையில் ஒயர் நிற்கும். நகச்சாயமும் அடர்த்தியான மருதாணியும், விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டரின் அளவைத் தடுமாற வைக்கக்கூடும். ஒரு விரலையாவது வெறுமனே விட்டு வையுங்கள்.

அன்று பகலில் தூங்கக் கூடாது. மதியத்துக்கு மேல் காப்பி, டீ வேண்டாம். தினமும் சாப்பிடும் மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தொடர்வதா விடுவதா என்பதை அனுப்பிய மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சில மாத்திரைகள் தூக்கத்தின் கட்டங்களையே மாற்றிவிடும். மதுப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மது தொண்டைத் தசைகளைத் தளர்த்தி மூச்சடைப்பைக் கூட்டும். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை அல்லது நைட்டி, லுங்கி அல்லது தளர்ந்த பேன்ட் வசதி. தலைவழியாகக் கழற்றும் பனியனோடு வந்தால் காலையில் 20 ஒயர்களுக்கு நடுவே அவதிதான். உங்கள் தலையணையைக் கொண்டுவந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஒயர் மாட்ட முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். இரு கண்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து பிடரி எலும்புவரை டேப்பால் அளந்து, அதை 10, 20 சதவீதங்களாகப் பிரித்துப் புள்ளி வைப்பார்கள். பார்க்கத் தையற்கடை அளவெடுப்பு மாதிரி இருந்தாலும், ஒரு புள்ளி இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப்போனால் பதிவாகும் அலையின் உயரம் மாறிவிடும். புள்ளி வைத்த இடத்தைச் சற்றே சொரசொரப்பான ஜெல்லால் தேய்த்து, கிண்ணம் போன்ற சிறு எலக்ட்ரோடில் பேஸ்ட் நிரப்பி, மேலே காஸ் துணி வைத்து அழுத்துவார்கள். தலையிலும் காதுப் பின்னெலும்பிலும் சேர்த்து 10, கண்களின் ஓரத்தில் 2, தாடையில் 3, மார்பில் 2, இரண்டு கால்களின் முன்பக்கத் தசையில் 4. ஆக 21 எலக்ட்ரோடுகள். இது போக மார்பிலும் வயிற்றிலும் ஒவ்வொரு பெல்ட், மூக்கில் ஒரு மெல்லிய குழாய், மூக்குக்கும் வாய்க்கும் இடையே வெப்ப உணரி, தொண்டையருகே குறட்டை மைக், படுத்திருக்கும் நிலையைக் காட்டும் சிறு பெட்டி, விரலில் ஆக்சிமீட்டர். ‘ஷாக் அடிக்குமா?’ என்று கேட்பவர்கள் நிறையப் பேர். இவை உடம்புக்குள் மின்சாரத்தைச் செலுத்துவதில்லை, உடம்பிலிருந்து வருவதைப் படிக்க மட்டுமே செய்கின்றன. ஊசியும் கிடையாது.

மூச்சை அளக்க மூக்கில் ஏன் இரண்டு கருவிகள் என்று கேட்கலாம். குழாய் காற்றழுத்தத்தை அளக்கிறது. மூச்சு லேசாகக் குறைந்தாலும் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஆள் வாயால் மூச்சு விட ஆரம்பித்தால் அதன் கோடு தட்டையாகி, மூச்சே நின்றுபோனதுபோலத் தோன்றும். வெப்ப உணரி வாய்க்காற்றையும் உணர்வதால் உண்மை தெரிந்துவிடும். மார்பு, வயிற்றுப் பெல்ட்டுகளின் வேலை இன்னும் முக்கியம். காற்று வராதபோதும் மார்பும் வயிறும் போராடிக்கொண்டிருந்தால் தொண்டை அடைத்திருக்கிறது என்று பொருள். இரண்டும் அசையாமல் கிடந்தால் மூச்சு விடச் சொல்லி மூளையே கட்டளை அனுப்பவில்லை. இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. புரண்டு படுக்கையில் பெல்ட் நழுவி இடுப்புக்கு இறங்கிவிட்டால், முதல் வகை இரண்டாம் வகையாகத் தெரியும் ஆபத்து உண்டு. அதனால்தான் பெல்ட் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. ‘தளர்த்திவிடுங்கள்’ என்று கேட்டால் தயங்குவதும் அதனால்தான்.

விளக்கை அணைக்கும் முன் பக்கத்து அறையிலிருந்து ஒலிபெருக்கியில் சில கட்டளைகள் வரும்: 30 நொடி கண்ணைத் திறந்து நேராகப் பாருங்கள், 30 நொடி மூடுங்கள், தலையை அசைக்காமல் இடமும் வலமும் பாருங்கள், ஐந்து முறை இமையுங்கள், பல்லைக் கடியுங்கள், குறட்டை மாதிரி ஒலி எழுப்புங்கள், 10 நொடி மூச்சைப் பிடியுங்கள், இடது பாதத்தை மடக்குங்கள், வலது பாதம். விளையாட்டுபோல இருக்கும். ஒவ்வொரு ஒயரும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது இப்படித்தான். நைட் ஷிப்ட் டெக்னீஷியன் அவசரத்தில் இதை விட்டுவிட்டால், பாதி இரவு கழித்துத்தான் தாடை ஒயர் வேலை செய்யவில்லை என்பது தெரியவரும். கனவுத் தூக்கத்தில் உடல் தசைகள் தளர்ந்து கிடக்கும். அதற்குச் சாட்சி தாடை ஒயர். அது இல்லாமல் அந்தக் கட்டத்தை உறுதிசெய்வது கடினம்.

அறை குளிராக இருக்கிறது என்ற புகார் தினமும் உண்டு. வியர்த்தால் மூளை அலைக்கோடு மெதுவாக ஊசலாடும்; ஆழ்ந்த தூக்கத்தின் அலையும் அதே மாதிரிதான். போர்வை கூடுதலாகக் கேளுங்கள், ஏசியை அணைக்கச் சொல்லாதீர்கள். கட்டிலருகே செல்போன் சார்ஜர் செருகியிருந்தால் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் பதிவில் ஏறக்கூடும். கேமரா அகச்சிவப்பு ஒளியில் படம் பிடிக்கும். தூக்கத்தில் கைகால் உதைப்பது, எழுந்து உட்காருவது போன்றவற்றைப் பார்க்க அது வேண்டும். பெண்கள் பெண் டெக்னீஷியன் வேண்டுமென்று பதிவு செய்யும்போதே கேட்கலாம், கேட்க வேண்டும். உடன் ஒருவர் படுத்துக்கொள்ளச் சில இடங்களில் அனுமதி உண்டு. அவர் குறட்டை விடாதவராக இருந்தால் நல்லது. அவர் குறட்டையும் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

சிறுநீர் கழிக்க எழ வேண்டுமென்றால் தாமாக இறங்காமல் குரல் கொடுங்கள். ஒயர்களெல்லாம் ஒரு சிறு பெட்டியில் வந்து சேர்ந்திருக்கும். அதை மட்டும் கழற்றிக் கழுத்தில் மாட்டிவிட்டால் நடந்து போய் வரலாம், இரண்டு நிமிட வேலை. சங்கடப்பட்டு அடக்கிக்கொண்டு விழித்துக் கிடப்பதுதான் பதிவுக்குக் கேடு. அதேபோல, மூன்றரை நான்கு மணிக்கே ‘போதும், கழற்றிவிடுங்கள், பால்காரர் வருவார்’ என்பவர்களும் உண்டு. கனவுத் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். பலருக்கு மூச்சடைப்பு அப்போதுதான் உச்சத்துக்குப் போகும், அதுவும் மல்லாந்து படுத்திருக்கையில். ஆறு மணி நேரப் பதிவாவது வேண்டும். கொஞ்ச நேரம் மல்லாந்து படுக்கச் சொன்னால் அதற்கும் இதுதான் காரணம்.

புது இடத்தில் முதல் இரவு தூக்கம் வரத் தாமதமாவதும் கனவுத் தூக்கம் குறைவதும் எதிர்பார்த்ததே. மருத்துவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். ‘கண்ணே மூடவில்லை’ என்று சொல்பவரின் பதிவில் நான்கைந்து மணி நேரத் தூக்கம் இருப்பது அபூர்வமல்ல. மேலோட்டமான தூக்கத்திலிருந்து எழுப்பினால் விழித்திருந்ததாகவே பலரும் சொல்வார்கள்.

பதிவை 30 நொடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் விழிப்பா, எந்தக் கட்டத் தூக்கம் என்று குறிக்கிறார்கள். ஆறு மணி நேரத்துக்கு 720 துண்டுகள். காற்று 90 சதவீதத்துக்கு மேல் குறைந்து 10 நொடியாவது நீடித்தால் மூச்சு நிறுத்தம். 30 சதவீதமாவது குறைந்து, கூடவே ஆக்சிஜன் இறங்கினாலோ மூளை விழித்துக்கொண்டாலோ அது மூச்சுக் குறைவு. இரண்டையும் கூட்டித் தூங்கிய மணி நேரத்தால் வகுத்து வருவதுதான் ஏஹெச்ஐ, அதாவது மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபட்டது என்ற எண். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இயல்பு, 15-க்குக் கீழே லேசானது, 30-க்குக் கீழே நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. குழந்தைகளுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அவர்களுக்கு 1 என்றாலே கவனிக்க வேண்டும்.

இப்போது ஒரு ஆதங்கம். வீட்டுக்கே கருவியைக் கொடுத்தனுப்பும் பரிசோதனை பெருகிவிட்டது. தெளிவான அறிகுறிகளும் வேறு பெரிய நோய் இல்லாமையும் இருந்தால் அது சரியான வழிதான், செலவும் குறைவு. ஆனால் பெரும்பாலான வீட்டுக் கருவிகளில் மூளை அலை ஒயர் கிடையாது. ஆள் எப்போது தூங்கினார் என்று அதற்குத் தெரியாது. ஒருவருக்கு 100 தடவை மூச்சு தடைபட்டது, 5 மணி நேரம் தூங்கினார், 8 மணி நேரம் கருவி ஓடியது என்று வைத்துக்கொள்வோம். ஆய்வகக் கணக்கில் 100-ஐ 5-ஆல் வகுத்தால் 20, நடுத்தரம். வீட்டுக் கருவி 8-ஆல் வகுத்து 12.5 என்று சொல்லும், லேசானது. மூளை விழிப்போடு மட்டும் வரும் மூச்சுக் குறைவுகளும் அதன் கண்ணில் படா. எனவே வீட்டுப் பரிசோதனையில் நோய் தெரியவந்தால் நம்பலாம். ‘ஒன்றுமில்லை’ என்று வந்து, பகலில் வண்டி ஓட்டும்போதே தூக்கம் சொக்குகிறதென்றால், அதோடு விட்டுவிடாமல் ஆய்வகத்தில் ஓர் இரவு படுத்துப் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட்டிலும் ஒற்றை எண்ணோடு திருப்தி அடையாதீர்கள். மல்லாந்த நிலையில் எவ்வளவு, கனவுத் தூக்கத்தில் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது, 90 சதவீதத்துக்குக் கீழே எத்தனை நிமிடம் இருந்தது என்று கேளுங்கள். மூச்சுக் குறைவை எண்ண 3 சதவீத ஆக்சிஜன் இறக்கத்தைக் கொண்டார்களா, 4 சதவீதத்தைக் கொண்டார்களா என்றும் கேளுங்கள். ஒரே இரவு இரண்டு விதியில் இரண்டு எண் தரும். பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடும்போது இது தெரியாமல் ‘குணமாகிவிட்டது’ என்று நினைப்பவர்கள் உண்டு.

முதல் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான அடைப்பு தெரிந்தால், அதே இரவில், காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியின் மாஸ்க்கைப் போட்டு அழுத்தத்தைச் சரிபார்ப்பதும் வழக்கம். அழுத்தம் 4 சென்டிமீட்டர் தண்ணீர் அளவில் தொடங்கும். ஐந்து நிமிடமாவது இடைவெளி விட்டு ஒவ்வொரு சென்டிமீட்டராக ஏற்றுவார்கள். பெரியவர்களுக்கு 20-தான் மேல் எல்லை. இதற்கு மீதி இரவில் மூன்று மணி நேரமாவது வேண்டும். தூங்கியபின் முதன்முறையாக மாஸ்க்கை முகத்தில் வைத்தால் பதறி எழுவார்கள். மாலையிலேயே, விழித்திருக்கும்போது, இரண்டு மூன்று அளவுகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரவுப் பணி பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சென்னை ஐடி அலுவலகங்களிலும் இரவில் வேலை பார்த்துப் பகலில் தூங்கிப் பழகியவரை இரவு பத்து மணிக்குப் படுக்கவைத்துப் பதிவெடுத்தால் கிடைப்பது விழிப்பின் பதிவு. அவர் தூங்கும் நேரத்தில்தான் பரிசோதனை வைக்க வேண்டும். பகல் பதிவுக்குப் பல ஆய்வகங்கள் ஆள் ஒதுக்குவதில்லை. வருகிறவர்கள் விடாமல் கேட்டால் ஒதுக்குவார்கள்.

காலையில் ஒயர்களைக் கழற்றியதும் தலைமுடியில் பேஸ்ட் திட்டுத்திட்டாக இருக்கும். உலர்ந்தபின் சீப்பால் இழுத்தால் முடியும் சேர்ந்து வரும். முதலில் வெந்நீர் ஊற்றி ஊறவிட்டு, அது இளகியபின் ஷாம்பூ போடுங்கள். வீட்டுக்குத் தாமாக வண்டி ஓட்டிப் போகாமல் யாரையாவது வரச் சொல்லுங்கள். தேங்காயெண்ணெயை அன்று மாலையே தேய்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உறக்க ஆய்வகத் தொழில்நுட்பர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.