எச்.ஐ.வி.யும் கஞ்சா மருந்தும்: விதி எழுதுவோருக்கு ஒரு மடல்

மருத்துவக் கஞ்சாவுக்கான விதிகளையும் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து) சிகிச்சை நெறிகளையும் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

'நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்குத் தரக்கூடாது' என்று ஒரே வரியில் எழுதி, எச்.ஐ.வி.யுடன் வாழும் எல்லாரையும் ஒதுக்கிவிடுவது எளிது. தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். அந்த வரி தடுக்க வேண்டாதவரைத் தடுக்கும், காக்க வேண்டியவரைக் காக்காது.

கஞ்சா எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்ற அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. பி செல்கள், என்.கே. செல்கள், மோனோசைட்டுகள் ஆகிய நோயெதிர்ப்புச் செல்களின் மேல் சிபி2 என்ற ஏற்பி உண்டு. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி அதில் போய் ஒட்டும். சோதனைக்குழாயில் அது அந்தச் செல்களை மந்தமாக்குவதும் தெரிந்ததே. ஆனால் மனித உடலில் சிடி4 (எச்.ஐ.வி. தாக்கி அழிக்கும் நோயெதிர்ப்புச் செல்) குறைந்ததா, வைரஸ் பெருகியதா? சான் பிரான்சிஸ்கோவில் மருத்துவர் டொனால்ட் ஆப்ராம்ஸின் குழு எச்.ஐ.வி. உள்ள 67 பேரைக் கொண்டு 21 நாள் ஆய்வு நடத்தி 2003இல் வெளியிட்டது. கஞ்சா புகைத்தவர்கள், ட்ரோனாபினால் (செயற்கை டிஎச்சி) மாத்திரை எடுத்தவர்கள், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்கள் என்று மூன்று பிரிவு. வைரஸ் அளவிலோ சிடி4 எண்ணிக்கையிலோ கெடுதல் தென்படவில்லை. 21 நாள் குறுகிய காலம்தான். வாழ்நாள் முழுதும் பயன்படுத்தலாம் என்பதற்கு அது சான்றாகாது.

அதற்காக மறுகோடிக்கும் போய்விடக் கூடாது. ஏ.ஆர்.டி. எடுப்பவர்களில் கஞ்சாவை அதிகம் பயன்படுத்துவோரிடம் அழற்சியைக் காட்டும் செல்கள் குறைவாக இருந்ததாக 2018இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எடுத்த இரத்த மாதிரியை வைத்துக் கண்டது அது. காரணம் கஞ்சாதான் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று உறையில் அச்சிட விற்பனையாளரை அனுமதிக்காதீர்கள்.

எங்களை உண்மையில் கவலைப்பட வைப்பது பூஞ்சை. காய்ந்த கஞ்சாப் பூவில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் தங்கும். புகைக்கும்போது எல்லாம் எரிந்துவிடும் என்று நம்பிவிட முடியாது. தப்பிய வித்துகள் புகையோடு நேரே நுரையீரலுக்குப் போகும். சிடி4 50க்குக் கீழே இருப்பவருக்கு இது உயிராபத்து. மொத்தப் பூஞ்சை எண்ணிக்கைச் சோதனை மட்டும் போதாது: எண்ணிக்கை குறைவாக இருந்தும் ஆஸ்பர்ஜில்லஸின் ஃபுமிகேட்டஸ் இனம் இருக்கலாம். ஃபுமிகேட்டஸ், ஃபிளேவஸ், நைகர், டெர்ரியஸ் ஆகிய நான்கும் 1 கிராம் மாதிரியில் இல்லை என்று காட்டும் சோதனை வேண்டும். கலிபோர்னியா இதைத்தான் கேட்கிறது. பூவின் நீர்ச் செயல்பாடு (பூஞ்சை வளரக் கிடைக்கும் ஈரத்தின் அளவு) 0.65ஐத் தாண்டினால் சேமிப்பிலேயே பூஞ்சை வளரத் தொடங்கும். காமா கதிர் வித்துகளைக் கொல்லும், ஆனால் பூஞ்சை ஏற்கெனவே சுரந்துவிட்ட நச்சை நீக்காது. ஆகவே இரண்டையும் தனித்தனியே சோதிக்கச் சொல்லுங்கள். சிடி4 200க்குக் கீழே உள்ளவருக்குப் பூவாகவே கொடுக்க வேண்டாம். வாய்வழி மருந்து மட்டும் போதும் என்பது எங்கள் கருத்து. பூஞ்சை இல்லாவிட்டாலும் புகை புகைதான்: எச்.ஐ.வி. உள்ள ஆண்களை நீண்ட காலம் தொடர்ந்த ஆய்வில், கஞ்சா அதிகம் புகைத்தவர்களிடம் நுரையீரல் தொற்றும் மூச்சுக்குழாய் அழற்சியும் அதிகம் காணப்பட்டன. புகையிலையைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வேறுபாடு நின்றது.

அடுத்தது மருந்துகளின் மோதல். ஏ.ஆர்.டி.யில் சேரும் ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் இரண்டும் கல்லீரலின் சிஒய்பி3ஏ4 நொதியை அடக்குகின்றன. டிஎச்சி சிதைவதிலும் அந்த நொதிக்குப் பங்கு உண்டு; எனவே வழக்கமான அளவே கூடுதலாகிவிடும். ட்ரோனாபினால் தொடக்க அளவு 2.5 மி.கி., மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் ஒரு மணி நேரம் முன்பு. இந்த இரு மருந்துகளில் ஒன்றை எடுப்பவருக்கு இரவு வேளை ஒன்றோடு தொடங்கி, ஒரு வாரம் பார்த்துக் கூட்டுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் நேர்மாறு, கஞ்சா மருந்து வேலை செய்யாததுபோல் தோன்றும். வாய்வழி மருந்தின் உச்சம் வர 2 முதல் 4 மணி நேரம் ஆகலாம். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று ஒரு மணி நேரத்தில் இரண்டாம் வேளையை விழுங்குவதால்தான் பலர் மயங்கித் தடுமாறுகிறார்கள். இந்த எச்சரிக்கை உறையின் முன்பக்கத்தில் இருக்க வேண்டும். கஞ்சாவின் போதை தராத பொருளான சிபிடி அதிக அளவில் கல்லீரல் நொதிகளை உயர்த்தக்கூடியது. ஹெபடைடிஸ் பி அல்லது சி சேர்ந்திருந்தால் தொடங்கும் முன்பும், ஒரு மாதம் கழித்தும் கல்லீரல் சோதனை வேண்டும்.

சிறுநீர்ச் சோதனை பற்றியும் ஒன்று. எஃபாவிரென்ஸ் என்ற ஏ.ஆர்.டி. மருந்தை எடுப்பவருக்குக் கஞ்சா இருப்பதாகச் சில முதல்நிலைச் சோதனைகள் தவறாகக் காட்டும். உறுதிச் சோதனை இல்லாமல் எவரையும் தண்டிக்கவோ சிகிச்சையிலிருந்து விலக்கவோ விதியில் இடமிருக்கக் கூடாது. விலக்கிவிடுவார்கள் என்று பயந்தால் நோயாளி கஞ்சா எடுப்பதைச் சொல்லமாட்டார். மேலே சொன்ன மோதல் எதுவும் மருத்துவர் கண்ணில் படாது.

இந்த மருந்தால் நன்மை பெறக்கூடியவர்கள் யாரென்றும் நமக்குத் தெரியும். எய்ட்ஸில் பசியற்று எடை குறைவோருக்காக ட்ரோனாபினால் 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எச்.ஐ.வி.யால் கால் நரம்பு எரிச்சல் உள்ள 50 பேரை வைத்து ஆப்ராம்ஸ் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், கஞ்சா பிரிவில் வலி 34 விழுக்காடு குறைந்தது. மருந்தில்லாத வெற்றுப் பிரிவில் 17 விழுக்காடு. இந்த இரு நிலைகளையும் பெயர் சொல்லி விதியில் சேருங்கள். ஒவ்வொரு மருந்துச் சீட்டிலும் அன்றைய சிடி4 எண்ணிக்கை, ஏ.ஆர்.டி. மருந்துகளின் பெயர், மருந்தின் வடிவம் ஆகிய மூன்றையும் எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். மருந்தாளுநர் அதைப் பார்த்தே தடுக்கவோ கொடுக்கவோ முடியும்.

இப்படிக்கு,
எச்.ஐ.வி. சிகிச்சையில் பணிபுரியும் மருத்துவர்கள், மருந்தாளுநர்கள்