வாய்க்கால் வரைபடச் செயலி: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

நம் ஊர் வாய்க்கால்களையும் மதகுகளையும் கைபேசியில் குறித்து வரைபடமாக்கும் செயலி ஒன்றை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வடிவமைக்கப் போகிறார்கள். பிறர் செய்து தந்ததில் விவரம் நிரப்பும் வேலை இல்லை இது. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள்.

முதல் இரண்டு வாரம் கைபேசிக்கு வேலையில்லை. ஒவ்வொரு திரையையும் அஞ்சலட்டை அளவுத் தாளில் வரைவார்கள். ஒரு பிள்ளை கைபேசியாக உட்காரும். எதிரே இருப்பவர் தாளில் விரல் வைத்ததும் அடுத்த தாளை எடுத்து வைக்கும். செயலியைப் பார்த்தே இராத ஐந்து பேரிடம் இப்படிச் சோதித்தாலே பெரிய குழப்பங்கள் தெரிந்துவிடும். ‘நீரோட்ட நிலை’ என்று எழுதினால் விரல் தயங்கி நிற்கும். ‘தண்ணி ஓடுதா, நிக்குதா, காஞ்சு கிடக்கா’ என்றால் உடனே தொடுவார்கள்.

பிறகு கேள்விகளை எக்செல் தாளில் ஏற்றி, ஓடிகே கலெக்ட் என்ற இலவசச் செயலியில் திறப்போம். சிக்னல் இல்லாத வயலிலும் அது பதிவு செய்யும். பள்ளிக்கு வந்தபின் அனுப்பலாம்.

அதிகம் தவறுவது இடக்குறிப்புதான். திறந்த வெளியிலேயே கைபேசியின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் பிசகும். தென்னை, மூங்கில் நிழலில் இன்னும் கூடும். நம் கிளை வாய்க்கால் பலவற்றின் அகலமே அவ்வளவுதான் என்பதால் வடகரை மதகு தென்கரையில் போய் விழும். ஆகவே எவ்வளவு பிசகலாம் என்று திரையில் காட்டும் துல்லிய எண் 5 மீட்டருக்கு இறங்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும்; ‘எந்தக் கரை?’ என்பதும் தனிக் கேள்வியாக இருக்கும். இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஏறத்தாழ 1 மீட்டர் நுட்பம். எக்செல்லில் ஓர் இலக்கம் உதிர்ந்தாலே அது 11 மீட்டராகிவிடும்.

வாய்க்கால் பெயரை ஆளுக்கொரு விதமாகத் தட்டச்சு செய்தால் ஒன்றே நான்காகிவிடும். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதே சரி. அந்தப் பட்டியல் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம்தான் இருக்கிறது. வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு அவர்களை அழைத்து வாருங்கள். தலைமடை முதல் கடைமடை வரை எந்த வாய்க்கால் எதிலிருந்து பிரிகிறது, எது பாசனம், எது வடிகால் என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. கல்லணை தாண்டி நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டுமுன் கள வேலையை முடிக்க விரும்புகிறோம். தண்ணீர் வந்துவிட்டால் மதகின் அடிப்பக்க உடைப்பு கண்ணுக்குத் தெரியாது. நான்கு பேருக்கு ஓர் ஆசிரியர் உடன் போவார். தண்ணீர் வந்தபின் பாலத்தின் மேலிருந்து மட்டுமே பார்க்கலாம். கரையில் இறங்க யாருக்கும் அனுமதியில்லை.

பிள்ளைகள் எடுக்கும் ஒளிப்படத்தில் மனித முகமும் வீட்டு வாசலும் விழக்கூடாது. பிள்ளைகளின் பெயருக்குப் பதில் குழு எண்ணே பதிவாகும். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தனிப்பட்ட விவரங்களைக் கையாள, 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பெற்றோர் ஒப்புதல் தேவை. இணைத்துள்ள சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். கைபேசி தர இயலாவிட்டாலும் கவலை வேண்டாம். குழுவுக்கு ஒன்று போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்