செல்லோ வாசித்தபடி பாடுபவரை மேடையேற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

நிகழ்ச்சி அமைப்பாளர்களுக்கும் ஒலிப்பொறியாளர்களுக்கும் வணக்கம்.

ஒற்றைச் செல்லோவுடன் (உட்கார்ந்து வாசிக்கும், வயலின் குடும்பத்துப் பெரிய தந்திக் கருவி) வந்து, ஜாஸ், ஃபோக், பாரோக் (பழைய ஐரோப்பியச் செவ்விசை) எல்லாம் கலந்து, சொந்தப் பாட்டை நகைச்சுவையோடு பாடும் கலைஞர்களுக்கு நீங்கள் மேடை தருவது பெரிய காரியம். அப்படிப்பட்டவர்களோடு மேடையிலும் மிக்ஸரிலும் வேலை செய்யும் எங்களுக்கு உங்களிடம் ஒரே கோரிக்கை: பாட்டின் ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டும். சொல் கேட்காமல் போனால் சிரிப்பு வராது. சிரிப்பு வராவிட்டால், அதற்காகவே அமைத்த ராக மாற்றமும் தாள மாற்றமும் வெறும் குழப்பமாகத் தெரியும்.

முதலில் நாற்காலி. கைப்பிடி கூடாது, இருக்கை சரிவில்லாமல் தட்டையாக, ஏறத்தாழ 45 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். செல்லோவைத் தாங்கும் அடிக்கம்பியான எண்ட்பின் வழுக்கும் தரையில் நிற்காது. அதன் முனையைப் பிடித்துக்கொள்ள, நாற்காலிக் காலில் மாட்டும் பட்டை ஒன்றை எடுத்து வையுங்கள்.

மைக் ஸ்டாண்டை ஆளுக்கு நேர் எதிரே நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. வில் 70 செ.மீ.க்கு மேல் நீளம். இழுக்கும்போது இரு பக்கமும் வெளியே நீளும், கம்பத்தில் இடிக்கும். கம்பத்தைத் தள்ளி வைத்து, நீண்ட பூம் கையால் மைக்கை மேலிருந்து வாய்க்கு இறக்குங்கள். கார்டியாய்டு மைக் (முன்பக்க ஒலியையே முக்கியமாக வாங்குவது) என்றால் மானிட்டர் (கலைஞர் தன் ஒலியைக் கேட்கும் ஸ்பீக்கர்) அதன் முதுகுக்கு நேர் பின்னால் இருக்கட்டும். அதைவிடக் குறுகிய கோணத்தில் வாங்கும் சூப்பர்கார்டியாய்டு என்றால் சற்றுப் பக்கவாட்டில்.

இனி பிக்கப், அதாவது கருவியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் சாதனம். குதிரையில் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) பொருத்தும் பியேசோ வகைப் பிக்கப்பைச் சாதாரண பாஸிவ் டிஐ பெட்டியில் (கருவியை மிக்ஸரோடு இணைக்கும், மின்சாரம் வேண்டாத பெட்டி) செருகினால் அடித்தந்தியின் கனம் போய், ஒலி தகரம்போல் சன்னமாகிவிடும். குறைந்தது 1 மெகாஓம் உள்ளீட்டு மின்மறுப்பு கொண்ட ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) அவசியம். குரலுக்கு 100 ஹெர்ட்ஸில் போடும் 'லோ கட்' எனும் தாழ்சுர வடிகட்டியைப் பழக்கதோஷத்தில் செல்லோ சேனலிலும் அழுத்திவிடாதீர்கள். அதன் அடித்தந்தி ஸி, 65 ஹெர்ட்ஸ்; அடுத்த ஜி, 98. இரண்டும் மெலிந்து போனால் பாஸ் கிட்டார் இல்லாத அந்தப் பாட்டுக்கு அடித்தளமே கிடையாது. வெட்டுவதென்றால் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். செல்லோவின் உடல் 100 ஹெர்ட்ஸை ஒட்டித் தானாகவே அதிரும். அங்கே ஊளை எழுந்தால் முதலில் போலாரிட்டியை (ஒலி அலையின் ஏற்ற இறக்கத் திசையை) மாற்றிப் பாருங்கள், பிறகு குறுகிய நாட்ச் (அந்த அதிர்வெண்ணை மட்டும் குறைக்கும் வடிகட்டி) ஒன்று போடுங்கள். மொத்த பாஸையும் இறக்குவது தீர்வல்ல.

ஒரே பாட்டில் இந்தக் கலைஞர் விரலால் மீட்டுவார், வில்லால் நீட்டி இழுப்பார், 'சாப்' அடிப்பார். ப்ளூகிராஸ் பிடில் கலைஞர் ரிச்சர்ட் கிரீன் 1960களில் தொடங்கிய உத்தி அது. வில்லின் அடிப்பகுதியைத் தந்தியில் தட்டி ஸ்னேர் டிரம்மைப் போல ஒலிக்கவைப்பது. மூன்றின் உச்ச அளவும் வேறு வேறு. சவுண்ட் செக்கில் மூன்றையும் வாசிக்கச் சொல்லுங்கள். மிகப் பலமாக வருவதற்கு ஏற்ப கெயினைப் (உள்ளே வரும் ஒலியின் பெருக்க அளவை) பொருத்துங்கள்.

லூப்பர் பெடலுக்கு (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் கால்விசை) பிக்கப் ஒலி மட்டுமே போகட்டும். குரல் மைக்கையும் அதில் கலந்துவிட்டால் அரங்கின் சிரிப்பும் பதிவாகி, நான்கு பார்களுக்கு (தாளச் சுற்றுகளுக்கு) ஒருமுறை சுழன்று சுழன்று வரும். அடுத்த வரி அதற்குள் மூழ்கிவிடும். முழங்கால்கள் செல்லோவைப் பிடித்திருப்பதால் பெடல் வலக்காலுக்கு மிக அருகே, குதிகாலைத் தூக்காமல் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

குரல் சேனலில் நாய்ஸ் கேட் (மெல்லிய ஒலியை அடைத்துவிடும் வசதி) போடவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. கிண்டல் பெரும்பாலும் தாழ்ந்த குரலில்தான் வரும். கேட் அதன் முதல் அசையைத் தின்றுவிடும். ரிவர்ப் (எதிரொலிப்பு) பாட்டுக்குப் போதும், பேச்சு தொடங்கியதும் மியூட் செய்யுங்கள். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. செல்லோ அந்த இடத்தில் குரலோடு மோதினால் செல்லோவைச் சற்று இறக்குங்கள்.

அமைப்பாளர்களுக்குத் தனியாக ஒன்று: "ஆள் ஒருவர், கருவி ஒன்று" என்று நினைத்து இரண்டு பெரிய குழுக்களுக்கு இடையே ஐந்து நிமிடத்தில் இவரைச் செருகாதீர்கள். சவுண்ட் செக்குக்கு அரை மணி நேரம் கொடுங்கள். விண்ணப்பத்தில் இசைவகைக்கு ஒரு கட்டத்தை டிக் செய்யச் சொல்லாமல், அவரே இரண்டு வரி எழுத இடம் விடுங்கள். பார்வையாளர் முகம் தெரியும் அளவுக்கு அரங்கில் வெளிச்சம் இருக்கட்டும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தொடர வேண்டும் என்பதை அவர் அந்த முகங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

இப்படிக்கு,
செல்லோப் பாடகர்களுடன் பணிபுரியும் மேடை, ஒலிக் குழுவினர்